டோரோவின் கல் சுவர்கள்

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு என்றாலே எல்லோரும் அங்கு விளையும் திராட்சையில் செய்யும் போர்ட் ஒயினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் கண்ணுக்கு அங்குள்ள கல் சுவர்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

மலைச்சரிவு முழுக்க சிஸ்ட் பாறை. அதை உடைத்துத்தான் கொடி நட மண்ணையே உண்டாக்கினார்கள். உடைத்த கல்லைச் சாந்து எதுவும் பூசாமல் அடுக்கிச் சுவர் எழுப்பி, சரிவைப் படிக்கட்டுபோல வெட்டினார்கள். அந்தப் பாறை ஏடு ஏடாகப் பிளக்கும். அந்த இடுக்குகளில் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். மேற்கே மராவ் மலை கடல் மழையைத் தடுத்துவிடுவதால் கோடை வெயில் கடுமையானது.

ஒயினில் கலப்படம் பெருகிப் பெயர் கெட்டுப்போன சமயத்தில், 1756இல், பின்னாளில் போம்பால் பிரபு எனப்பட்ட அமைச்சர் அதைத் தடுக்க, இந்தப் பகுதிக்கு எல்லை வகுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கினார். எல்லையில் கிரானைட் தூண்களே நட்டார்கள்! சில இன்றும் நிற்கின்றன. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் கிடைத்தது. சரி, அதெல்லாம் பெருமைதான்.

ஆனால் 19ஆம் நூற்றாண்டில் பைலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்தபோது கைவிட்ட படிக்கட்டு வயல்கள் இன்னும் அங்கே புதர் மண்டிக் கிடக்கின்றன. சுவர் கட்டியவர்களில் பலர் ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து பிழைக்க வந்த கூலிகள். அவர்களைப் பற்றி யாராவது விரிவாகத் தமிழில் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.