சிவப்பு வண்டியும் 43 புள்ளிகளும்

“அப்பா, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?” என்று மகள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். பத்தடி தள்ளி நின்றால் பளிச்சென்று இருக்கும் வண்டி அது. 1992 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 கார், சிவப்பு. முன்விளக்குகள் மூடிக்குள் படுத்திருந்து, ஸ்விட்சைப் போட்டால் எழுந்து உட்காரும் பழைய வடிவம். தரையோடு தரையாக ஓடும் வண்டி என்பதால், முன்னால் போகிற லாரி கிளப்பிவிடும் பொடிக்கல் எல்லாம் இதன் மூக்கில்தான் வந்து விழுந்து, பெயிண்டைப் பெயர்த்துப் புள்ளியாக்கும். மாஸ்கிங் டேப்பைப் பொடியாகக் கிழித்து ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் ஒட்டச் சொன்னேன். எண்ணி முடித்தபோது 43.

அதில் ஐந்தாறு புள்ளிகளில் முன்பு வைத்திருந்தவர் நகச்சாயம் பூசியிருந்தார். பாவம், அவசரத்துக்குச் செய்திருப்பார். பெயிண்டைக் கரைக்கும் தின்னரைப் பல்குத்தி நுனியில் துளி தொட்டுச் சுரண்டினால் வந்துவிட்டது. தொழிற்சாலையில் சூளையில் சுட்ட பெயிண்ட் துளித் தின்னருக்கு அவ்வளவு சீக்கிரம் கரையாது. கையால் வைத்துக் காற்றில் உலர்ந்தது கரையும். இந்த வித்தியாசம் பின்னால் எனக்கே பலமுறை உதவியது.

அடுத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து வண்டி மேல் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் மூடியான பானெட்டில் ஒட்டவில்லை, அது அலுமினியம். பக்கத்தில் முன்சக்கரத்தை மூடும் ஃபெண்டரில் டப்பென்று ஒட்டியது, அது இரும்பு. மூக்கு, அதாவது பம்பர், பிளாஸ்டிக். கல் அடித்த புள்ளி பார்க்க எங்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உள்ளே கதை வேறு. பிளாஸ்டிக்கில் பட்டது அசிங்கம் மட்டும்தான், ஆபத்து இல்லை. அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். இரும்பில் பட்ட புள்ளியைத்தான் தள்ளிப்போடக் கூடாது. துரு பெயிண்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே போகும். ஃபெண்டரில் நான்கு புள்ளிகள், ஒன்றில் துரு ஆரம்பித்திருந்தது. அதை ஊசியால் பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி, பள்ளத்தில் மிஞ்சிய துருவுக்குத் துரு மாற்றும் திரவம் ஒரு சொட்டு வைத்தேன். கருத்து இறுகியது. அதன் மேல் அடிப்பூச்சான பிரைமர். அந்த ஒரு புள்ளிக்கு ஒரு மாலைப்பொழுது போனது.

முதல் தவறு இதற்கெல்லாம் முன்பே நடந்துவிட்டது. வேலை தொடங்குகிற ஆர்வத்தில் வண்டியைக் கழுவி, அழகுக்கு மெழுகும் போட்டுவிட்டு, ஆறு புள்ளிகளுக்குப் பெயிண்ட் வைத்தேன். மறுநாள் நகம் பட்டதும் மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. மெழுகின் மேல் எது ஒட்டும்? பிறகு, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து மெழுகைத் துடைத்து, புள்ளிக்குள் பல்குத்தி விட்டு, ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த பெயிண்டையும் பெயர்த்து எடுத்துவிட்டுத்தான் மறுபடி வைத்தேன்.

இரண்டாவது தவறு, பெயிண்ட் பாட்டில் மூடியோடு வரும் பிரஷை நம்பியது. அது புள்ளிக்கு அல்ல, சுவருக்குச் சரி. தொட்டு வைத்தால் மரு முளைத்த மாதிரி நிற்கும். ஈரம் காய்வதற்குள் தின்னர்த் துணியால் ஒரு வழி வழித்து எடுத்துவிட்டு, பல்குத்தியை எடுத்தேன். நுனியில் சொட்டு நிற்கும் அளவுக்குத் தோய்த்து, பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், பெயிண்ட் தானே ஓரம்வரை ஓடி நிற்கும். கரைப்பான் ஆவியானதும் அது அமுங்கிப் பள்ளமாகும். ஆகவே சாயங்காலம் ஒரு சொட்டு, மறுநாள் ஒரு சொட்டு என்று நான்கு நாள் வைத்தேன். கடைசிச் சொட்டு சுற்றிலும் இருப்பதைவிட ஒரு முடியளவு மேடாக நிற்க வேண்டும். முடி என்று சும்மா சொல்லவில்லை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். காரின் மொத்த பெயிண்டே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான்.

இப்போது ஒரு சங்கடம். எஞ்சின் அறைத் தகட்டில் இருந்த வண்ணக் குறியீட்டைப் பார்த்துத்தான் வாங்கினேன், ஆனாலும் பானெட்டில் வைத்த புள்ளிகள் எல்லாம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. தப்பான பாட்டில் என்று திட்டிக்கொண்டே இரண்டு வாரம் காயவிட்டேன்.

காய்ந்த பிறகு, பென்சில் அழிப்பானின் தலையில் சில்லறைக் காசைவிடச் சின்னதாக வெட்டிய 2000 எண் உப்புத்தாளை ஒட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து மேட்டை மட்டும் தேய்த்தேன். பிறகு அதைவிட நைஸான 3000. சுற்றிலும் மங்கலாகி வயிறு கலங்கும். அது பாலிஷில் போய்விடும் என்று முதல் புள்ளி முடியும்வரை நான் நம்பவில்லை.

பாலிஷ் மெஷினை ஓட்டி ஒரு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். வெள்ளை பேட் ரத்தச் சிவப்பு! பெயிண்டையே உரித்துவிட்டேனோ என்று கை நடுங்கியது. அப்புறம்தான் உறைத்தது: இந்த வண்டியின் சிவப்புக்கு மேல் தெளிவுப் பூச்சான கிளியர்கோட் கிடையாது, ஒற்றை அடுக்கு. பேடில் வந்தது வெயிலில் செத்துப்போன மேல்தோல். துடைத்துப் பார்த்தால், பானெட் புள்ளிகளைத் தேட வேண்டியிருந்தது. பாட்டில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை நாள் வெளிறிக் கிடந்தது வண்டி. முதலிலேயே உள்ளங்கை அகலத்துக்குப் பாலிஷ் போட்டு ஒப்பிட்டிருந்தால் அந்த இரண்டு வாரத் திட்டு மிச்சம். வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்து, துணியில் நிறம் வருகிறதா என்று பார்த்தாலே ஒற்றை அடுக்கா என்று தெரிந்துவிடும். நிறம் வராவிட்டால் பெரும்பாலும் மேலே கிளியர் இருக்கிறது, சொட்டுக்கு மேல் கிளியர்ச் சொட்டும் வைக்க வேண்டியிருக்கும். வெள்ளித்தூள் மின்னும் மெட்டாலிக் நிறமாக இருந்தால் இன்னும் பாடு. தூள் படுகிற விதம் ஸ்ப்ரேயில் வேறு, சொட்டில் வேறு. என் வண்டி சாதாரணச் சிவப்பாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

மடிப்பு ஓரங்களில் மட்டும் மெஷினைக் கொண்டுபோகவில்லை, டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். அங்கே பெயிண்ட் மெல்லிசு, இரண்டு சுற்றில் பிரைமர் தெரிந்துவிடும்.

மெழுகு போட்டு முடித்த அன்று மகளைக் கூப்பிட்டு மறுபடி எண்ணச் சொன்னேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் சுற்றினாள். “பதினொண்ணு தெரியுதுப்பா.” அதில் ஏழு பம்பரில் இருக்கின்றன, இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று, விளக்கு மூடியின் ஓரத்தில், கை வைக்கப் பயம். கதவின் கீழ் விளிம்பில் இருந்த பதினொன்றாவது நான் வைத்ததே அல்ல. டேப் ஒட்டியபோது இருவர் கண்ணிலும் படாமல் தப்பித்த நகச்சாயம்.