இந்த முறை அவன்தான்

எங்கள் காலத்தில், ஒரு பெடியன் பந்து போடுவதைப் பார்ப்பதற்காகவே கடைசிப் பாடம் இல்லாமற் போன பின்னேரங்கள் உண்டு. மணி அடிக்க முதலே மேல்மாடி வகுப்புகள் காலியாகிவிடும். மாஸ்டர்மாரும் சைக்கிளைப் பிடித்தபடி மைதானத்து வேலியோரம் நின்றதால் யாரும் யாரையும் கேட்கவில்லை. அவனுக்கு அப்போது பதினைந்து வயது. மெலிந்த உடம்பு, நீளக் கை. விக்கெட் கீப்பர் வழமையைவிட எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்பதைப் பார்த்தே புதிதாக வந்தவர்கள் விஷயத்தை விளங்கிக்கொள்வார்கள். "இந்த முறை பிக் மட்ச் எங்களுக்குத்தான், அவன் இருக்கிறான்" என்று கன்ரீனில் மட்டுமல்ல, சலூனிலும் பஸ் நிலையத்திலும்கூடக் கதைத்தார்கள். அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். என் வயதுக்காரருக்கு இவ்வளவு சொன்னாலே போதும்.

அந்த பிக் மட்ச், அதாவது இரண்டு கல்லூரிகள் வருடாவருடம் மோதும் பெரிய கிரிக்கெட் ஆட்டம், அந்த முறை நடக்கவில்லை. நாட்டு நிலைமை அப்படி. அவன் கொழும்புக்குப் போய் அங்கிருந்து கனடா வந்தான். நானும் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தேன்.

எங்கள் சங்கக் கலைவிழா மலர்க் குழு என்னிடம் கேட்டது கல்லூரிக் கிரிக்கெட் பற்றி. நான் எழுதப்போவதோ பெரும்பாலும் பேஸ்போல் பற்றி. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்போல் எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. ரொறன்ரோவில் ஒரு உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவிய காலம். கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த ரேடியோவில் டொம் சீக் என்பவரின் நேர்முக வர்ணனை போகும். 1992, 1993 இரண்டு வருடமும் ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி, பேஸ்போல் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்றதில் ஊரே தலைகீழாக நின்றது. விளங்காமலே நானும் சத்தம் போட்டேன். விளங்கத் தொடங்கியபோது மனம் போய் நின்ற இடம் பிச்சர், அதாவது பந்து எறிபவன். மட்டையடிப்பவனிடமிருந்து அறுபது அடி ஆறு அங்குலத்தில் நிற்கிறான். நம்முடைய விக்கெட்டுக்கு விக்கெட் தூரத்தைவிட ஐந்தரை அடிதான் குறைவு. ஓடி வருவதில்லை, பந்து நிலத்தில் படுவதுமில்லை. நம்ம அம்பயர்மார் 'எறிகிறான்' என்று கையை நீட்டி நோ-போல் கொடுக்கும் காரியம்தான் இங்கே தொழில். முழங்கையை மடக்கி விசுக்க வேண்டும், அந்த முழங்கைதான் கடைசியில் போகும். ஆகவே தொடக்கப் பிச்சர் ஒரு ஆட்டம் எறிந்தால் அடுத்த நாலு நாளாவது ஓய்வு. எங்கள் கல்லூரியில் சனிக்கிழமை முழுக்கப் பந்து போட்டவன் திங்கட்கிழமை வலைப் பயிற்சிக்கு வராவிட்டால் அதற்குப் பெயர் சோம்பல்.

இங்குள்ள ரசிகர்கள் ஒரு புதுப் பிச்சர் மேல் வைக்கும் நம்பிக்கையை நான் முதலில் பார்த்தது 1998இல். ரோய் ஹாலடே, 21 வயது. மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்தில் அவர் தொடங்கிய இரண்டாவது ஆட்டம், பருவத்தின் கடைசி நாள், செப்ரெம்பர் 27, ஸ்கைடோம் மைதானம். டெற்றொயிற் அணி ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆகும் வரை ஒரு ஹிற் கூட, அதாவது பேஸுக்கு ஓடிச் சேரும்படியான ஒரு அடி கூட, அடிக்கவில்லை. இன்னும் ஒரே ஒருவரை வீழ்த்தினால் நோ-ஹிற்றர். மாற்று ஆட்டக்காரராக வந்த பொபி ஹிகின்சன், நம்ம சிக்ஸர் மாதிரி, ஹோம் ரன் அடித்துவிட்டார். பந்து போய் விழுந்தது புளூ ஜேய்ஸின் மாற்றுப் பிச்சர்கள் நிற்கும் கூட்டுக்குள். பிடித்தவர் டேவ் ஸ்ரீப். 1988இல் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் இதேபோல ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட்டான பிறகு, நோ-ஹிற்றரைப் பறிகொடுத்த அதே ஸ்ரீப்! கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்ரீப் 1990இல் ஒருவழியாக அதைச் சாதித்தார். புளூ ஜேய்ஸின் வரலாற்றில் இன்றுவரை அது ஒன்றுதான்.

ஹாலடே அன்று 2–1 என்று வென்றார். அடுத்த நாள் வேலைத்தலத்தில் எல்லோருக்கும் அவர் உறவினர் மாதிரி. ஆனால் 2000ஆம் ஆண்டில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 10.64 ஓட்டங்கள் கொடுத்தார். அவ்வளவு மோசமான பருவத்தைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். "வித்துத் தள்ள வேண்டியதுதான்" என்றார்கள், உறவு கொண்டாடிய அதே ஆட்கள். 2001இல் அவரைப் புளோரிடாவில் டனீடினில் இருக்கும் கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார்கள். பிறகு மெல் குவீன் என்ற பயிற்சியாளர் கையைத் தலைக்கு நேர் மேலிருந்து கொஞ்சம் பக்கவாட்டுக்கு இறக்கிவிட்டார். பந்து நேராக வருவதை விட்டு வளைந்து நழுவத் தொடங்கியது. 2003இல் 22 வெற்றிகள், சிறந்த பிச்சருக்கான சை யங் விருது. 2010இல் பிலடெல்பியாவுக்காக எதிரணியில் ஒருவரையும் பேஸுக்கு விடாத முழுமை ஆட்டம் ஒன்று ஆடினார். 2017இல் தானே ஓட்டிய சிறு விமானம் கடலில் விழுந்து இறந்தார், நாற்பது வயதில்.

எல்லோருக்கும் அப்படித் திரும்பி எழும்ப வாய்ப்பதில்லை. புளூ ஜேய்ஸின் இன்னொரு இளம் பிச்சர் அலெக் மனோவா 2022இல் சை யங் வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தபோது, இனிப் பத்து வருடம் கவலையில்லை என்றோம். 2023இலேயே கீழே அனுப்பப்பட்டார். 2024இல் முழங்கையில் சத்திரசிகிச்சை. 2025இல் அணியே கைவிட்டது.

சரி, இனி நம்முடைய மேசைக்கு வருவோம்.

2025 ஒக்ரோபர் 5, ஞாயிறு. ஸ்கார்பரோவில் ஒரு உறுப்பினர் வீட்டு பேஸ்மென்றில் கலைவிழாச் செயற்குழுக் கூட்டம். மண்டப வாடகை பற்றிய தீர்மானம் அன்று ஏன் எடுக்கப்படவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்: ரீவி ஓடிக்கொண்டிருந்தது. வழமையான பருவம் முடிந்த பிறகு நடக்கும் பிளே ஓவ் சுற்றின் இரண்டாவது ஆட்டம், எதிரில் நியூயோர்க் யாங்கீஸ். எறிந்தவர் ட்ரே யெசாவேஜ், 22 வயது. அந்த வசந்தத்தில் டனீடினில் தொடங்கி வான்கூவர், நியூ ஹம்ஷயர், பஃபலோ என்று கீழ்மட்ட அணிகளில் ஒரே பருவத்தில் படி படியாக ஏறி, செப்ரெம்பர் 15இல்தான் மேஜர் லீக்குக்கு வந்தவர். முதல் ஆட்டத்திலேயே ஒன்பது பேரை ஸ்ரைக்கவுட் ஆக்கினார், அதாவது மூன்று ஸ்ரைக்கில் வெளியேற்றினார். அன்றையது அவருக்கு வெறும் நாலாவது ஆட்டம்.

அவர் கை தலைக்கு நேர் மேலே போகிறது. பந்து விரலை விட்டுப் புறப்படும் இடம் ஏறக்குறைய ஏழடி உயரம். ஹாலடேயிடம் திருத்த வேண்டியிருந்த அதே உயரம் இவருக்கு ஆயுதமாகிவிட்டது. பேஸ்போல் கோச்மாருக்குத்தான் வெளிச்சம். பந்து நேராக வருகிறது என்று மட்டையைச் சுழற்றினால், ஸ்பிளிற்றர் என்ற வகைப் பந்து கடைசி நேரத்தில் காலடிக்கு விழுந்துவிடுகிறது. யாங்கீஸ்காரர் காற்றை அடித்துவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்து நாங்கள் ரோல்ஸ் தட்டை மறந்தோம்.

அவனும் இருந்தான், எங்கள் பழைய வேகப்பந்துக்காரன். இப்போது தலை நரைத்து, கொஞ்சம் தொப்பையுடன். மேசையிலிருந்த சின்னத் தோடம்பழம் ஒன்றை எடுத்துச் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இறுக்கி, ஸ்பிளிற்றர் எப்படிப் பிடிப்பது என்று எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினான். நடுவிரல் மூட்டு வீங்கிப்போய் இருந்ததால் பழம் முழுதாக உள்ளே இறங்கவில்லை. "கையை மடக்காமல் இறுக்க வேணும். விரல் சுழட்டக் கூடாது, நழுவ விட வேணும்." அவன் வாயிலிருந்து பந்து பற்றி இவ்வளவு சொற்களை நான் பல வருடங்களாகக் கேட்டதில்லை.

ஆறாவது இன்னிங்ஸ், ஒருவர் அவுட். அதுவரை பதினொரு ஸ்ரைக்கவுட், ஒரு ஹிற்கூட இல்லை. முகாமையாளர் ஜோன் ஷ்னைடர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அதுவரை எறிந்தது 78 பந்துகள்தான். மைதானம் ஊளையிட்டது. பேஸ்மென்றும் ஊளையிட்டது. நம் பொருளாளர் பயன்படுத்திய சொல்லை மலரில் அச்சிட முடியாது. ஒருவன் மட்டும் கை தட்டினான்.

"விசரா உனக்கு?" என்றேன்.

"அந்த மனிசன் செய்தது சரி. உள்ளது பத்து ஓட்டத்துக்கு மேல லீட். பெடியனுக்கு இன்னும் இந்த மாசம் முழுக்கக் கிடக்கு."

அப்புறம் எல்லோரும் மற்றப் பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னான். அந்த பிக் மட்ச் நடந்திருந்தாலும் அவன் பந்து போட்டிருக்க முடியாதாம். அதற்கு இரண்டு மாதம் முன்னரே தோளைத் தூக்கிச் சேர்ட் போட முடியவில்லை. இடது கையால்தான் சைக்கிள் பிடித்திருக்கிறான். யாருக்குச் சொல்வது? சலூன்காரர் காசு வாங்காமல் தலைமயிர் வெட்டிவிட்ட காலம். "மட்ச் நிண்டதெண்டு கேள்விப்பட்ட அண்டைக்கு, சொன்னா நம்பமாட்டாய், நல்லா நித்திரை கொண்டனான்."

நான் ரோல்ஸ் ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.

யெசாவேஜ் போன பிறகு யாங்கீஸ் ஏழு ஓட்டம் எடுத்தார்கள். ஆனாலும் 13–7 என்று எங்களுக்கே வெற்றி. அதற்கடுத்த வாரங்கள் உங்களுக்குத் தெரியும். அடுத்த சுற்றில் யெசாவேஜ் சியாற்றில் அணியிடம் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டினார், பிறகு ஆறாவது ஆட்டத்தில் அவர்களையே மடக்கினார். ஒக்ரோபர் 29இல் லொஸ் ஏஞ்சலிஸில், டொட்ஜர்ஸ் அணிக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம்: ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ரைக்கவுட், பிழையாக எறிந்து ஒருவரையும் பேஸுக்குச் சும்மா நடக்க விடவில்லை. 1949இல் டொன் நியூகொம்ப் வைத்த 11 என்ற புதுமுகச் சாதனை உடைந்தது. அடுத்த நாள் ரிம் ஹோர்ட்டன்ஸ் வரிசையில் முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் என் தொப்பியைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெடியன் பதினைந்து வருடத்துக்கு" என்றார். எனக்கு உடனே நம்மூர் சலூன்தான் ஞாபகம் வந்தது.

ஏழாவது ஆட்டத்தில், இடையில் இரண்டு நாள் ஓய்வுடன், அவரை மீண்டும் இறக்கினார்கள். எட்டாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் மக்ஸ் மன்சி அவரிடம் ஹோம் ரன் அடித்தார். பதினொரு இன்னிங்ஸ் போய் 5–4 என்று தோற்றோம். நள்ளிரவு தாண்டிவிட்டது. எல்லோரும் ஓட்டங்களைப் பற்றிப் புலம்ப, நம்ம ஆள் இந்த முறை முகாமையாளரைத் திட்டினான். ஆனால் சரியோ பிழையோ, அன்று அவரை இறக்காமல் விட்டிருந்தால் நான் ஏற்றிருக்கமாட்டேன். ஏழாவது ஆட்டம் என்றால் இருப்பவனை எல்லாம் இறக்கத்தான் வேண்டும். இதில் அவனுக்கும் எனக்கும் இன்னும் சரிவரவில்லை.

இப்போது பனிக்காலம். கதை தொடங்கிவிட்டது. யெசாவேஜ் இருபது ஆட்டம் வெல்வார் என்கிறார் செயலாளர். பொருளாளர் சை யங்கே கொடுத்துவிட்டார். கோடையில் குடும்பங்களுடன் ரோஜர்ஸ் சென்ரருக்கு (அன்றைய ஸ்கைடோம்தான்) போக சங்கம் ரிக்கற் சேர்க்கிறது, விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுக்கலாம். நம்ம ஆளும் வருகிறான், ஒரு நிபந்தனையுடன்: முகாமையாளர் நடந்து வந்து பந்தை வாங்கும்போது எங்கள் வரிசையில் ஒருத்தனும் ஊளையிடக்கூடாது. பொருளாளர் இன்னும் சம்மதிக்கவில்லை.