பினாங்குல ஆறு மணி நேரம், தாத்தாவோட கடைத்தெருவத் தேடி

மே மாச லீவுல சிங்கப்பூர்ல இருந்து மூணு ராத்திரி குரூஸ் போனோம், நான், இவர், பிள்ளைங்க ரெண்டு பேரு, எங்கம்மா. பிள்ளைங்களுக்கு கப்பல்ல இருக்குற ஸ்லைடும் ஐஸ்கிரீமும்தான் கண்ணு, ஆனா நான் இந்த ரூட்ட புக் பண்ணதே அது நடுவுல ஒருநாள் மலேசியாவுல இருக்குற பினாங்குல நிக்குதுங்கிறதுக்காகத்தான். எங்கம்மாவப் பெத்த தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி 1937ல பினாங்கு போனவரு, அப்ப அவருக்கு பதினேழு வயசு. ரஜூலா கப்பல்ல டெக் டிக்கெட், அதாவது மேல்தட்டுல பாய விரிச்சுப் படுத்துக்கிட்டே போறது. மார்க்கெட் ஸ்ட்ரீட்ல ஒரு மளிகைக் கடையில கணக்கெழுதிட்டு இருந்தாரு, 1959லதான் ஒரேயடியா ஊருக்கு வந்தாரு. அவரு கொண்டுவந்த மலாயா தகரப்பெட்டி இன்னும் எங்க மாமா வீட்டுப் பரண்ல இருக்கு.

மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஸ்வெட்டன்ஹாம் பியர்ல கப்பல் கட்டுனாங்க, ஆறரைக்குள்ள எல்லாரும் திரும்ப ஏறிடணும்னு முன்னாடி ராத்திரியே சொல்லிட்டாங்க. கையில கிடைக்கிறது ஆறு மணி நேரம், அதுல இறங்குறதுக்கும் இமிக்ரேஷனுக்குமே ஒரு மணி நேரம் போயிடுது. நம்ம ஊர் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க, மலேசியாவுல இறங்கிட்டு திரும்ப சிங்கப்பூருக்குள்ள வரணும்ல, அதனால சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியான்னு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.

வெளிய வந்ததும் டாக்ஸிக்காரங்க சூழ்ந்துக்கிட்டாங்க, பினாங்கு ஹில், கெக் லோக் சி கோயில், எல்லாம் நாலு மணி நேரத்துல காட்டிடுறேன்னு. இவருக்கு மலை ரயில்ல போகணும்னு ஆசை, 1923ல இருந்து ஓடுற ரயிலு அது. ஆனா நான் ஒத்துக்கல. அங்க போயி கியூல நின்னு வர்றதுக்குள்ள பொழுது போயிடும், அம்மா எதுக்காக வந்தாங்களோ அது நடக்காமப் போயிடும். தண்ணீர்மலை முருகனையும் விட்டுட்டோம், ஐநூறு படிக்கு மேல, அம்மா முட்டி தாங்காது. ஊருக்குள்ள நடந்தே பாப்போம்னு முடிவு பண்ணோம், கப்பல் நிக்கிற இடமே பினாங்கோட தலைநகரான ஜார்ஜ் டவுனோட வாசல் மாதிரி, இறங்கி நடந்தா ஊரு வந்துடுது.

கேட்டத் தாண்டுனதும் ஒரு வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து அறுபது வருசம் ஆனதுக்காகக் கட்டுனது, வருசத்துக்கு ஒரு அடின்னு அறுபது அடி உயரம். பெரியவன் போன்ல படிச்சுச் சொல்லிட்டே வந்தவன், "அம்மாச்சி, இது லேசா சாஞ்சிருக்காம், உலகப்போர்ல பக்கத்துல குண்டு விழுந்துச்சாம்"னான். அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "சாஞ்ச மணிக்கூண்டுன்னு அப்பா சொல்லுவாருடா, நான் ஏதோ கதைன்னு நெனச்சேன்." 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப தாத்தா இந்த ஊர்லதான் இருந்தாரு, சண்டை முடியுற வரைக்கும் வீட்டுக்கு ஒரு கடுதாசி வரல, பாட்டிம்மா, அதாவது தாத்தாவோட அம்மா, நாகூர் தர்காவுல நேந்துக்கிட்டாங்களாம். வெயில் மண்டையப் பொளக்குது, அம்மா கண்ணுக்கு மேல கைய வச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் அத பாத்துட்டே நின்னாங்கன்னு தெரியல, நானும் கூப்பிடல.

பீச் ஸ்ட்ரீட்ல பழைய பேங்க் கட்டடங்களத் தாண்டி உள்ள திரும்புனா மார்க்கெட் ஸ்ட்ரீட், அப்பல்லாம் நம்மாளுங்க கடைத்தெருன்னேதான் சொல்லுவாங்களாம். தமிழ் போர்டு, பூமாலை, சாம்பிராணி வாசம், கடை வாசல்ல பாட்டு. சின்னவ, "நாம திரும்ப ஊருக்கு வந்துட்டமா?"ன்னு கேட்டா. அம்மா பர்ஸ்ல இருந்து ஒரு பழைய கவர எடுத்தாங்க, மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் இத்துப்போனது, பின்னாடி தாத்தா கையெழுத்துல கடை நம்பர் இருந்துச்சு. ஒவ்வொரு கதவா நம்பர் பாத்துட்டே போனோம். அந்த நம்பர்ல இப்ப ஒரு சேலைக் கடை.

உள்ள இருந்த அக்கா விஷயத்தக் கேட்டதும் "முதல்ல உக்காருங்கம்மா"ன்னு அஞ்சடியில ஒரு நாற்காலியப் போட்டுட்டாங்க. கடைக்கு முன்னாடி தூண் வச்சு கூரை போட்ட நடைபாதை இருக்குல்ல, அதுக்கு அங்க அஞ்சடின்னு பேரு. மளிகைக் கடையப் பத்தி அந்த அக்காவுக்கு ஒண்ணும் தெரியல, அவங்க வந்தே இருபது வருசந்தானாம். ஆனா மேல்மாடிக்குப் போற மரப்படி மட்டும் பழசு, மாத்தவே இல்லன்னு காட்டுனாங்க. நடுவுல தேஞ்சு குழிஞ்சு போன படி. அம்மா குனிஞ்சு கீழ்ப்படிய உள்ளங்கையால ஒரு தடவ தடவுனாங்க, ஒண்ணும் பேசல. அந்தக் கடையில சேலை வாங்கிட்டுதான் வந்தோம், கத்திரிப்பூ கலர்ல.

சாப்பாடு நாசி கண்டார். துறைமுகத்துல வேலை செஞ்சவங்களுக்கு நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோள்ல காவடி மாதிரி கம்பத் தூக்கி, அதுல சோறும் குழம்பும் தொங்கவிட்டு வித்த சாப்பாடு அது. நாலஞ்சு குழம்ப ஒண்ணு மேல ஒண்ணா ஊத்திக் கலந்து தர்றாங்க, பஞ்சிர்னு கேக்கணும், மலாய்ல வெள்ளம்னு அர்த்தம். மீன் தலைக் குழம்போட ருசி இன்னும் நாக்குலயே நிக்குது.

மாரியம்மன் கோயில் 1833ல கட்டுனது, மத்தியானம் நடை சாத்தியிருந்ததால கோபுரத்தக் கும்பிட்டுட்டு நடந்தோம். கொஞ்ச தூரத்துல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துல நம்ம பக்கத்துல இருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டுனது. சூலியா தெருவுல ஒரு மூலை திரும்புனா நாகூர் தர்கா! நம்ம நாகூர் ஆண்டவருக்கு கடல் தாண்டி வந்தவங்க கட்டுன நினைவு தர்கா, சின்னதுதான். எங்க வீட்டுல இருந்து நாகூர் அஞ்சு கிலோமீட்டர், அத இங்க பாக்குறோம். அம்மா செருப்பக் கழட்டிட்டு வாசல்ல நின்னு, "அன்னிக்கு நேந்துக்கிட்டதுக்கு நீ காப்பாத்திக் குடுத்துட்ட"ன்னு சத்தமாவே சொன்னாங்க.

பிள்ளைங்களுக்காக ஆர்மீனியன் ஸ்ட்ரீட் போனோம், செவுத்துல ரெண்டு பிள்ளைங்க வரைஞ்சிருக்கும், நிஜ சைக்கிள் ஒட்டியிருக்கும், 2012ல வரைஞ்சது. போட்டோ எடுக்க கியூ. அதுக்கப்புறம் கடலோரம் சூ ஜெட்டி, தண்ணிக்குள்ள மரக்கால் நட்டு அது மேல சீனக் குடும்பங்களோட வீடுங்க, ஒரே வம்சப் பேரு உள்ளவங்க சேந்து இருக்குற துறை. குடி இருக்குற வீடு, எட்டிப் பாக்காம நடக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். நேரம் அஞ்சே முக்கால் ஆயிடுச்சு, மாரியம்மன திரும்பப் போயி பாக்க முடியல, அது மட்டும் எனக்கு மனசுல உறுத்திட்டே இருக்கு.

கப்பல் நகந்தப்ப அம்மா டெக்ல நின்னு எங்க மாமாவுக்கு வீடியோ கால் போட்டாங்க. "தம்பி, அப்பா சொன்ன மணிக்கூண்டுடா, நல்லா பாரு, சாஞ்சிருக்கு பாரு"ன்னு போன கரைப்பக்கம் திருப்பிப் புடிச்சுக்கிட்டாங்க. மாமா, "எங்கக்கா, கிட்ட காட்டு, கிட்ட காட்டு"ன்னு கத்திட்டே இருந்தாரு, சிக்னல் போற வரைக்கும் அம்மா கைய இறக்கவே இல்ல.