எங்கள் தெருவின் எண்ணிக்கை: மே மாத நாட்குறிப்பு

மே 4, 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று தொடங்கியது. உச்சி வெயிலில் தங்கை மகள் தொலைபேசியில் அழைத்தாள். வேலூரில் வேலைக்குச் சேரவிருக்கும் அவள், எங்கள் குடியிருப்பிலேயே ஒரு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு, "மாமா, அந்த ஏரியாவுல திருட்டு கிருட்டு ஜாஸ்தியா? ராத்திரி பத்து மணிக்கு டூட்டி முடிஞ்சு வரணும்" என்றாள். பணிக்காலம் முழுவதும் புள்ளியியல் துறையில் விளைச்சல் கணக்கும் விலைவாசிக் கணக்கும் எழுதிய எனக்கு, இதற்கும் ஓர் எண்ணால் பதில் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. குடியிருப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாடகை இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள்.

மே 6, செவ்வாய்

இரண்டு நாள் தேடியும் அந்த எண் அகப்படவில்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் இப்போதைக்குக் கடைசியாக உள்ளது 2022-ஆம் ஆண்டுக்கானது. அதுவும் 2023 டிசம்பரில்தான் வெளியானது. 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்கு மட்டுமே அதில் தனிக் கணக்கு உண்டு; தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருக்கின்றன. வேலூருக்கு மாவட்டக் கணக்குதான். அந்த மாவட்டமும் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்துவிட்டதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்கிறவர், அரக்கோணத்தையும் ஆம்பூரையும் கழித்ததை மறந்து, குற்றம் குறைந்துவிட்டதென மகிழ்ந்துபோவார்.

குற்ற விகிதம் என்பது லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற கணக்கு. வகுக்கும் எண்ணோ 2011 கணக்கெடுப்பை நீட்டி மதிப்பிட்டது. சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மருத்துவம் பார்க்க வந்து காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் அந்த மக்கள்தொகையில் சேரமாட்டார்கள். அவர்களுடைய கைப்பை பறிபோனால் வழக்கு மட்டும் வேலூர்க் கணக்கில் ஏறும். இன்னொன்று: ஒரே வழக்கில் கொலையும் கொள்ளையும் இருந்தால், பெரிய குற்றமான கொலையை மட்டுமே எண்ணுவது காப்பகத்தின் வழக்கம்.

மே 9, வெள்ளி

நலச்சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாம் வடநாட்டுக்காரன் வந்த பிறகுதான் சார்" என்று ஒருவர் முடித்துவிட்டார். 2021 டிசம்பரில் தோட்டப்பாளையத்தில் ஒரு நகைக்கடையின் சுவரைத் துளைத்து, கேமராக்களின் மேல் பெயின்ட் அடித்து, ஏறக்குறைய 15 கிலோ நகையைக் கொண்டுபோன சம்பவத்தை நினைவூட்டினேன். கைதானவர் இதே வேலூர் மாவட்டத்து ஒடுகத்தூர்ப் பக்கத்துக்காரர். நகைகள் ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைந்து கிடந்தன. எழுதி வைத்துப் படித்ததுபோல் நான் பேசியிருக்க வேண்டும். காபி வந்ததும் பேச்சு குப்பை வண்டிக்கு மாறிவிட்டது.

மே 12, திங்கள்

அவள் வரப்போகும் வழியில், அவள் வரப்போகும் நேரத்தில் நடந்து பார்ப்பதென்று இரவு பத்து மணிக்குச் சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். இன்று சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலைக்குப் போகும் கூட்டத்தால் சாலை நிறைந்திருந்தது. நிலவு பகல்போல் காய்ந்தது. இப்படிப்பட்ட இரவில் எந்தத் தெருவும் நல்ல தெருதான். மாதிரியைத் தவறாகத் தேர்ந்த கணக்காளனாக வீடு திரும்பினேன்.

மே 16, வெள்ளி

நேற்று வைகாசி முதல் நாள். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எதிர்வீட்டார் குடும்பத்தோடு போயிருந்தார்கள். இன்று காலை திரும்பியபோது பூட்டு உடைந்திருந்தது. வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டும் ஒரு ஜோடிக் கம்மலும் போயிருந்தன. வெளியூர் போவதைக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. "ஒரு ராத்திரிக்கு என்ன சொல்றது" என்று இருந்துவிட்டார். காவல் நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டே வழக்கு என்று நினைத்து அதைச் சாமி படத்தின் பின்னால் செருகி வைத்திருந்தார்.

மனு ரசீது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. காப்பகத்தின் கணக்கில் ஏறுவது இரண்டாவதுதான். ரசீதோடு நின்றுபோனால், எங்கள் தெருவில் இந்த ஆண்டு திருட்டே நடக்கவில்லை என்றுதான் அறிக்கை சொல்லும்.

மே 19, திங்கள்

அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன்; அதை எடுக்க வேண்டிய தேவை வரவில்லை. எழுத்தர் ஒரு மணி நேரம் காக்க வைத்தார். மாலையில் வழக்கு பதிவாகி, அறிக்கையின் நகலும் கைக்கு வந்தது. நகலுக்குக் கட்டணம் கிடையாது. "நம்ம தெரு பேரு கெட்டுச்சு" என்று வழியில் அவர் முணுமுணுத்தார்.

மே 22, வியாழன்

நிலவில்லாத இரவு. நிறுத்தத்திலிருந்து வீடுவரை மொத்தம் 11 மின்கம்பங்கள். 3 விளக்குகள் எரியவில்லை, அவற்றில் இரண்டு அடுத்தடுத்தவை. அந்த இடைவெளியில்தான் காலி மனையும் முள்வேலியும் இருக்கின்றன. மருந்துக்கடை பத்தரைக்கு மூடுகிறது. இஸ்திரி வண்டிக்காரர் குடும்பம் வாசலிலேயே படுக்கிறது. இந்த இரண்டும்தான் அந்த வழியின் காவல் என்று எனக்குப் பட்டது. மூலையிலுள்ள கேமராவோ வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

2022 மார்ச்சில், ஷேர் ஆட்டோ என்று நம்பி இரவில் ஏறிய ஒரு பெண்ணுக்கு இந்த ஊரில் நடந்த கொடுமை முதலில் புகாராக வெளிவரவில்லை என்பதும் நடக்கும்போது நினைவுக்கு வந்தது. பணத்துக்காகத் தங்களுக்குள் சண்டையிட்ட இருவரைச் சத்துவாச்சாரியில் பிடித்து விசாரித்தபோதே அது தெரியவந்தது. அந்தச் சண்டை மூளாதிருந்தால் என்னாகியிருக்கும் என்று எண்ணியபடியே அந்த இருட்டைக் கடந்தேன். எழுபதை நெருங்கும் எனக்கே நடை தானாக வேகமெடுத்தது.

மே 25, ஞாயிறு

தங்கை மகள் வந்து வீட்டைப் பார்த்தாள். கேட்ட கேள்விக்கு எண் கிடைக்கவில்லை என்று சொல்லி, நடந்த வழியைத் தாளில் வரைந்து காட்டினேன். குற்ற விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த ரெண்டு கம்பத்துக்கும் நம்பர் இருக்குமே மாமா?" என்றாள். இருந்தது, குறித்துக்கொண்டு வந்திருந்தேன். நாளை மாநகராட்சியில் அந்த எண்களோடு மனு கொடுத்தபிறகு முன்பணம் தருவதாக வீட்டுக்காரரிடம் அவளே பேசிவிட்டாள்.