கேரவன் டிரெய்லரில் இன்வெர்ட்டர்: கடைசியில் கைத்திருகு சுவிட்சே ஜெயித்தது

ஒருவழியாக டிரெய்லர் பிளக்கைச் சொருகினால் பார்க்கிங் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை அறுக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழாமல் நிற்கிறது. இதுவரை நான் ஒயர் சுருளைத் தூக்கிக்கொண்டு பார்க்கிங்கில் இறங்கினாலே வாட்ச்மேன் அண்ணன் முகம் சுருங்கிவிடும், சொருகிய நொடியில் அந்த வரிசை விளக்கெல்லாம் சேர்ந்து அணைந்தால் பாவம் அவரும்தான் என்ன செய்வார்.

சாமான்கள் இவ்வளவுதான். 12 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி, 1000 வாட் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டர், நடுவில் 35 ஸ்கொயர் எம்.எம். செம்பு கேபிள். முழு லோடில் 90 ஆம்பியர் பக்கம் இழுக்கும், அதனால் கேபிளை ஒரு மீட்டருக்குள் அடக்கிவிட்டேன். ஃபியூஸ் கிளாஸ் டி (Class T). ஏஎன்எல் வகை ஃபியூஸே போதும் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை, ஆனால் லித்தியம் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கில் ஆம்பியர் கொட்டும். கிளாஸ் டி 20,000 ஆம்பியரையும் அறுத்துவிடும் என்பதால் அங்கே காசு பார்க்கவில்லை.

தகராறு முழுக்க சேஞ்ச் ஓவரில், அதாவது வெளிக் கரண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே மாற்றுகிற சுவிட்சில். முதலில் போட்டது ஒரு ரெடிமேட் ஆட்டோமேட்டிக் பெட்டி. வெளிக் கரண்ட் வந்தால் தானே அதற்கு மாறும், போனால் இன்வெர்ட்டருக்கு வரும். பேஸ், நியூட்ரல் ரெண்டும் மாறும் என்று அடித்துச் சொல்லித்தான் விற்றார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ரிலே பேஸை மட்டும் மாற்றுகிறது, ரெண்டு நியூட்ரலும் உள்ளே ஒரே ஸ்க்ரூவில் கைகோர்த்துக்கொண்டு இருக்கின்றன!

வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் பார்த்தவர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். டிரெய்லரில் பெரிய விஷயம். இன்வெர்ட்டர் அவுட்புட் எதோடும் ஒட்டாமல் மிதக்கும், மல்டிமீட்டரில் பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ரெண்டும் ஏறக்குறைய 115 காட்டும். அந்த நிலையில் பேஸ் ஒயர் பாடியில் உரசினாலும் கரண்ட் திரும்பிப் போக வழி இல்லை, டிரெய்லருக்குள் இருக்கிற ஆர்சிசிபி அசையாது. ஆகவே இன்வெர்ட்டரில் ஓடும்போது நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு இடத்தில் இணைத்தாக வேண்டும். (உங்கள் இன்வெர்ட்டர் மேனுவல் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில மாடல்களில் செய்தால் புகைதான்.) ஆனால் வெளிக் கரண்டில் ஓடும்போது அதே இணைப்பு இருக்கவே கூடாது. நியூட்ரலில் திரும்ப வேண்டிய கரண்டில் ஒரு பங்கு எர்த் ஒயர் வழியாக நழுவும், 30 மில்லி ஆம்பியருக்கே விழுகிற பார்க்கிங் ஆர்சிசிபி உடனே விழும். ரெண்டு நியூட்ரலும் ஒன்றாகக் கிடக்கிற அந்தப் பெட்டியில் இணைப்பை எங்கே போட்டாலும் ரெண்டு பக்கமும் இருக்கும். வேறு வழியே இல்லை.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் சுற்றியதில் கிடைத்தது 25 ஆம்பியர் ரோட்டரி கேம் சுவிட்ச், 1–0–2, மூன்று போல் (pole), அதாவது ஒரே குமிழில் சேர்ந்து திரும்பும் மூன்று தனித்தனி சுவிட்ச். கடைப் பெரியவர் நம்ம ஊர்க்காரர், "தம்பி, இது பேனல் போடறவங்க வாங்குவாங்க, வண்டிக்கு எதுக்கு?" என்றார். மூன்றாவது போலுக்காகத்தான் என்றேன். முதல் போல் பேஸ், ரெண்டாவது நியூட்ரல். மூன்றாவதில் இன்வெர்ட்டர் பக்கத்துக் கான்டாக்டை மட்டும் எடுத்து நியூட்ரல்–எர்த் இணைப்பை அதன் வழியாகக் கொடுத்துவிட்டேன், மற்ற பக்கம் காலி. குமிழை இன்வெர்ட்டர் பக்கமான 2-க்குத் திருகினால் இணைப்பு சேரும், வெளிக் கரண்டான 1-க்குத் திருகினால் தானாகப் பிரியும். நடுவில் 0 இருப்பதால் இன்வெர்ட்டரும் வெளிக் கரண்டும் ஒரு கணம்கூட சந்திக்காது. திருகும்போது 'டடக்' என்று கையில் தெரிகிற அந்தச் சத்தத்துக்கே காசு கொடுக்கலாம்.

பன்னிரண்டு டெர்மினல், பெட்டியோடு வருகிற பெருக்கல் குறிப் போட்ட அட்டவணை பொடி எழுத்தில். அதை நம்பாமல் ஒவ்வொரு நிலையிலும் ஜோடி ஜோடியாக மல்டிமீட்டர் பஸ்ஸர் வைத்துப் பார்த்து, பெயின்ட் மார்க்கர் வைத்துவிட்டு அப்புறம்தான் ஒயரைத் தொட்டேன். கம்பெனியிலிருந்து வரும் பித்தளை லிங்க் பட்டைகளின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இறுக்கிவிடுங்கள்.

ரெண்டு கம்பியையும் மாற்றுவதில் இன்னொரு லாபம்: வெளியூரில் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறிக் கிடப்பது சகஜம், பேஸை மட்டும் மாற்றுகிற பெட்டி அங்கே ஏமாந்துவிடும்.

பேட்டரி சார்ஜர் சுவிட்சுக்கு முன்னாலேயே, வெளிப் பிளக்கிலிருந்து தனி எம்சிபியில். பின்னால் போட்டால் இன்வெர்ட்டர் சார்ஜரை ஓட்டும், சார்ஜர் பேட்டரியை ஏற்றும், பேட்டரி இன்வெர்ட்டரை ஓட்டும், மொத்தமும் சூடாகவே போய்ச் சேரும்.

எல்லாம் முடிந்து மச்சான் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அமுக்கினான், விழுந்தது. "அவ்ளோதானே மாமா, மூடிடலாம்" என்றான். அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லைடா, இணைப்பு இல்லாவிட்டாலும் விழும் என்று சொல்லி, 15 வாட் குண்டு பல்பின் ஒரு காலைப் பேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தேன். 65 மில்லி ஆம்பியர். பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை, அதற்குள் விழுந்துவிட்டது. பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எஸ்.பி. ரோடு போகிறவர்களுக்கு ஒன்று: லக் (கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தும் வளையம்) வாங்கும்போது முலாமைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் செம்பு, வெள்ளையாகவே இருந்தால் அலுமினியம். 35 எம்.எம். லக்குக்குக் கைக் கிரிம்பர் ஆகாது, ஹைட்ராலிக்தான்.

சுவிட்ச் பெட்டிக்கு இன்னும் மூடி போடவில்லை, மூன்று கேபிள் கிளாண்ட் (பெட்டி ஓட்டையில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மரை) குறைகிறது. அதற்குள் மனசு கூரைக்குத் தாவிவிட்டது. 200 வாட் சோலார் பேனல் ஒன்றா, 100 வாட் ரெண்டா? ரெண்டு போட்டால் சீரிஸில் கட்டி ஒயரை மெலிதாக்கலாம், ஆனால் ஏசி வென்ட் நிழல் ஒரு மூலையில் விழுகிறது, பேரலல்தான் நியாயம் போலிருக்கிறது. எம்பிபிடி (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்) வாங்கும்போது கிளாண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.