அம்மா அப்பாவை வெளிநாட்டுக்குக் கூப்பிட முதல்: பயணக் காப்புறுதி

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பயணக் காப்புறுதி என்றால் விசாக் கோப்பில் செருகுகிற ஒரு தாள்தான். பிரான்சிலோ சுவிசிலோ இருக்கிற பிள்ளை கூப்பிடும், முகவர் ஆக மலிவான பத்திரத்தை எடுத்துத் தருவார், விசா குத்திய பிறகு அதை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. நோய்நொடி இல்லாத 30 வயதுக்காரருக்கு அது போதும். சீனியும் பிரஷரும் உள்ள 65 வயது அம்மாவுக்குப் போதாது.

பிரான்ஸ், சுவிஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பு வேண்டும். அவசர சிகிச்சை, ஆஸ்பத்திரிச் செலவு, நோயாளியையோ உடலையோ ஊருக்கு அனுப்புகிற செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பலமுறை போய்வரும் விசா என்றால் முதற் பயணத்துக்கான காப்புறுதியை மட்டுமே கேட்பார்கள். இரண்டாம் முறை போகும்போது புதிதாக எடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பிள்ளைகளோடு நீண்ட காலம் தங்கப் போகும் பெற்றோருக்கான கனடா சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 கனேடிய டொலர், ஒரு வருடக் காப்பு. விலை கேட்டு வாங்கிய கடிதம் செல்லாது, முழுக் காசோ தவணையின் முற்பணமோ கட்டியிருக்க வேண்டும். லண்டனுக்குப் போக விசா அலுவலகம் காப்புறுதி கேட்காது. அதனால் பலர் எடுப்பதில்லை. ஆனால் அங்கே வாட்டில் அனுமதித்தால், விசிட் விசாவில் போனவருக்குச் சிகிச்சைச் செலவின் 150 வீதம் பில்லாக வரும்.

பணம் மறுக்கப்படுவது அநேகமாக ஏற்கனவே உள்ள வருத்தங்களால்தான். மலிவான பத்திரங்கள் அவற்றை முற்றாக விலக்கியிருக்கும். சில பத்திரங்கள் ஏற்கும், ஆனால் வருத்தம் 90 அல்லது 180 நாட்களாக மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். புது மருந்து தொடங்கினாலும் மாற்றம், குளிசையின் அளவைக் கூட்டினாலும் மாற்றம். குறைத்தாலும் மாற்றம் என்று எழுதியிருக்கிற பத்திரங்கள் உண்டு. பயணத்துக்கு முதல் மாதம் கிளினிக்கில் பிரஷர் குளிசையை மாற்றிவிட்டு, அங்கே போய் நெஞ்சுநோ வந்தால், கம்பனி முதலில் கேட்பது மருந்துப் பதிவைத்தான். அதற்காக டொக்டர் மாற்றச் சொன்ன மருந்தை மாற்றாமல் விடக்கூடாது. மாற்றியதைக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் வருத்தத்தை மறைக்கச் சொல்லும் முகவரை நம்பாதீர்கள். அவருக்குக் கமிஷன் வந்துவிடும், பில் பிள்ளையின் தலையில் விழும். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் போனில் படமெடுத்து, மருந்துகளின் பெயரையும் அளவையும் தட்டச்சுச் செய்து, டொக்டரின் கையொப்பத்தோடு கொண்டு போங்கள். கையெழுத்தை வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வாசிக்க மாட்டார்கள். இங்கேயே வாசிப்பது கஷ்டம்.

வருத்தம் வந்தால் முதலில் அம்புலன்ஸ், அடுத்து பத்திரத்தில் உள்ள 24 மணி நேர இலக்கம். அவர்களுக்கு அறிவிக்காமல் வாட்டில் சேர்த்தால் காசைக் குறைக்கவோ மறுக்கவோ இடமுண்டு. இலக்கமும் பத்திர எண்ணும் அம்மாவின் கைப்பையில் மட்டும் கிடந்தால் பயனில்லை, பிள்ளையின் போனிலும் இருக்க வேண்டும். விடுவிப்பு அறிக்கை, மூலப் பில்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடுங்கள். வவுனியாவுக்குத் திரும்பி வந்திருந்துகொண்டு அவற்றை எடுப்பிப்பது மாதக்கணக்கான அலைச்சல். பில்லின் முதற் பகுதியை, உதாரணமாக 100 டொலரை, நீங்களே கட்டவேண்டும் என்றும் சில பத்திரங்களில் இருக்கும்.

பொதி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியேற முதல் விமானக் கம்பனியின் முறைப்பாட்டுத் தாளை எடுங்கள். அது இல்லாமல் கோரிக்கை நகராது. தாலிக்கொடி, சங்கிலிக்குப் பெரும்பாலான பத்திரங்களில் காப்பு இல்லை, அல்லது சிறு தொகைதான். ஒடியல், கருவாட்டுக்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சென்னைக்கோ திருச்சிக்கோ வைத்தியத்துக்கென்றே போனால் பயணக் காப்புறுதி அந்தச் சிகிச்சைக்குப் பணம் தராது. கோயிலுக்குப் போன இடத்தில் விழுந்து கால் முறிந்தால் தரும்.

விசா மறுக்கப்பட்டால், காப்பு தொடங்கும் திகதிக்கு முதல் மறுப்புக் கடிதத்தோடு பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள். சிறு கட்டணம் கழித்து மீதியைத் தருகிற கம்பனிகள் உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள்.