நாற்பது சதுர அடியும் ஒரு கிரைண்டரும்

எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. நகராட்சியின் பெயர் வேண்டாம். பில் கலெக்டர் தினமும் எதிரில் வருகிற மனுசன். சொத்து வரி ஏறியதிலிருந்து தெருவில் இரண்டு பேர் நின்றால் இதே பேச்சுதான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போக விடிகாலையில் ஜீப்புக்கு நிற்கிற பெண்கள்கூட, "ஒனக்கு எம்புட்டுப் போட்ருக்கான்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

ஏற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2008-க்கு அப்புறம் நகராட்சிகளில் சொத்து வரியை 2018-ல் ஏற்றினார்கள், மறு வருசமே நிறுத்திவைத்துவிட்டார்கள்; 2022 வரை பழைய வரிதான். வரியைச் சீரமைத்தால்தான் மானியம் என்று மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு சொல்லிவிட்டது, வேறு வழியில்லை என்றார்கள். சரி. 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீதம் உயர்வு, 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் போனால் இரட்டிப்பு. கடைக் கட்டடத்துக்கும் இரட்டிப்பு.

எங்கள் வீடு அவர்கள் ஏட்டில் 1240 சதுர அடி. அந்த 40 சதுர அடியால் 50 சதவீதத்தில் நிற்க வேண்டியது 75-க்குப் போய்விட்டது. அரையாண்டுக்கு 860 ரூபாய் கட்டியது 1505 ஆனது. எங்கேடா அந்த நாற்பது என்று தேடினால், மாமனார் காலத்தில் விறகு அடுக்கப் பின்பக்கம் இறக்கிய தகரச் சாய்ப்பு. அதைப் பிரித்துப் போட்டுப் பல வருசம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது முருங்கை நிற்கிறது, கம்பளிப்பூச்சியோடு. டேப் பிடித்து அளக்க யாரும் வரவில்லை. பழைய ஏட்டில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதோடு சரி.

மனு கொடுத்தேன். "ஆள் வந்து அளப்பாங்கக்கா" என்றார்கள். வந்தார் ஒருவர். பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முன் அறையில் அத்தை மாவரைக்கிற கிரைண்டரைப் பார்த்துவிட்டார். வாசலில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று என் மகள் சாக்பீஸில் எழுதிய அட்டை வேறு. "இது வணிக உபயோகத்துல வரும்க்கா." பத்துக்குப் பத்து அறை அது. ராத்திரி அதில்தான் அத்தை பாய் விரித்துப் படுக்கிறார். அதைச் சொன்னதும் அவர் பேனாவை மூடினார், ஆனால் எழுதியதை அடிக்கவில்லை.

மனு கிடக்கிறது என்று கட்டாமலும் இருக்க முடியாது. தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம் சேர்ந்தபோது, இல்லாத சாய்ப்புக்கும் சேர்த்தே ஏறியது. தப்பான கணக்குக்கு வருசா வருசம் குட்டி போட்டால் நியாயமா? மைக் கட்டிய ஆட்டோ மட்டும் 'குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று தவறாமல் வந்துபோகிறது. (சொத்து வரியோடு வாங்குகிற நூலக வரியை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். மகள் அங்கே உட்கார்ந்துதான் குரூப் 4-க்குப் படிக்கிறாள்.)

நாத்தனாரைக் குமுளியில் கொடுத்திருக்கிறோம். மலை ஏறினால் கேரளா, வேறு சட்டம். 60 சதுர மீட்டர் வரையுள்ள, தாங்களே குடியிருக்கிற வீட்டுக்கு அங்கே கட்டட வரியே இல்லை. வீடு வீடாகக் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனாப் பெண்கள் பிளாஸ்டிக்கை வாங்கிப்போக வருகிறார்கள், மாதம் 50 ரூபாய். அவளும் புலம்புகிறாள்தான், அவள் வீடு பெரிசு, வரி அங்கேயும் வருசத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது. ஆனால் அந்த ஐம்பது எதற்கு என்று அவளுக்குத் தெரியும், பிளாஸ்டிக் சாக்கு வாசலை விட்டுப் போகிறது. எங்கள் சாக்கடையிலிருந்து அள்ளி ஓரத்தில் போட்ட மண் காய்ந்து மறுபடி உள்ளேயே சரிகிறது.

அத்தை ரொம்ப யோசிக்கவில்லை. "கடைன்னு எழுதிட்டான்ல, அப்ப கடைக்காரி மாதிரியே விக்கிறேன்" என்று மாவுப் பாக்கெட்டை 30-லிருந்து 35 ஆக்கிவிட்டார். அன்றைக்கே எதிர்வீட்டு மதினி சண்டைக்கு வந்துவிட்டார். நான் நகராட்சி நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். "இதையேதான் எங்க வீட்டு ஓனரும் காட்டுனாரு" என்றார். அந்த ஓனர் வாடகையில் ஐந்நூறு கூட்டியிருக்கிறாராம்.